சூரியச் சுடர், காந்தப் புயல், அயனி மண்டலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் வானொலி இயக்குவோர், சிற்றலை கேட்போர், ஜிபிஎஸ் கொண்டு நில அளவை செய்வோர், இயற்பியல் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போவதால், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதிய விளக்கங்களை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. பதில்கள் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. நேரங்கள் எல்லாம் இந்திய நேரம்.

அயனி மண்டலத்தில் 'அடுக்கு' என்று எதைச் சொல்கிறார்கள்?

தரையிலிருந்து சுமார் 60 கி.மீ. உயரத்துக்கு மேல், சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. மேலே போகப் போகக் கதிர் வலுவாக இருக்கும், காற்று குறைந்துவிடும். கீழே வர வரக் காற்று மிகுதி, ஆனால் கதிர் வழியிலேயே தீர்ந்துபோயிருக்கும். ஆகவே ஒவ்வொரு கதிருக்கும் ஓர் உயரத்தில் விளைச்சல் உச்சமாக இருக்கும். அந்த உச்சங்களைத்தான் அடுக்கு என்கிறோம். வெங்காயத் தோல்போல நடுவே இடைவெளி விட்டு நிற்பவை என்று எண்ண வேண்டாம். எலக்ட்ரான் அடர்த்தி தொடர்ச்சியாகவே ஏறும், சில இடங்களில் புடைத்திருக்கும், அவ்வளவுதான்.

டி அடுக்கு 60 முதல் 90 கி.மீ. வரை. அதற்கு மேல் சுமார் 150 கி.மீ. வரை இ அடுக்கு. பகலில் 200 கி.மீ. அருகே எஃப்1 தெரியும். 250 முதல் 400 கி.மீ.க்குள் எஃப்2. நம் பக்கம் எஃப்2 பிற்பகலிலும் அந்தி நேரத்திலும் இதைவிட மேலே போவது சாதாரணம்.

எந்தக் கதிர் எந்த அடுக்கை உண்டாக்குகிறது?

டி அடுக்கில் அமைதியான நாளில் வேலை செய்வது 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள லைமன்-ஆல்பா கதிர். அது அங்கே கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குகிறது. சூரியப் பரப்பில் திடீரென ஆற்றல் வெடித்துக் கிளம்புவதைத்தான் சுடர் என்கிறோம். சுடர் வெடிக்கும்போது 0.1 முதல் 0.8 நானோமீட்டர் வரையுள்ள கடின எக்ஸ் கதிர் இந்த ஆழம்வரை இறங்கி, வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். இ அடுக்குக்கு மென் எக்ஸ் கதிரும் 102.6 நானோமீட்டர் லைமன்-பீட்டாவும். எஃப் அடுக்குக்கு 10 முதல் 90 நானோமீட்டர் வரையுள்ள அதிதீவிரப் புறஊதா. அங்கே அயனியாவது பெரும்பாலும் தனி ஆக்சிஜன் அணு.

இந்தப் பங்கீடு நினைவிலிருந்தால் மற்றதெல்லாம் எளிது. சுடர் என்றால் எக்ஸ் கதிர் பல மடங்கு ஏறும், அதனால் அடி கீழே டி அடுக்கில் விழும். சூரியச் சுழற்சி, அதாவது சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனின் செயல்பாடு ஏறி இறங்குவது, ஏறும் கட்டத்தில் அதிதீவிரப் புறஊதா மெதுவாகக் கூடும், அதன் பலன் மேலே எஃப்2இல் தெரியும்.

ஓர் அடுக்கு எந்த அதிர்வெண்வரை திருப்பி அனுப்பும்?

ஒரு கன மீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 9ஆல் பெருக்குங்கள். ஹெர்ட்ஸில் விடை வரும். ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால் வர்க்கமூலம் 10 லட்சம். ஆக 9 மெகாஹெர்ட்ஸ். இது செங்குத்தாக மேலே அனுப்பும் அலைக்கு. இதை மாறுநிலை அதிர்வெண் என்பார்கள். சாய்வாக அனுப்பினால் இதைவிடக் கூடுதலான அதிர்வெண்ணும் திரும்பும். 3000 கி.மீ. தாவலுக்கு எஃப்2இன் மாறுநிலை அதிர்வெண்ணைத் தோராயமாக 3ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

11 ஆண்டுச் சூரியச் சுழற்சியில் இந்த எண்கள் எவ்வளவு மாறும்?

இ அடுக்கு ஒழுங்கான பிள்ளை, சூத்திரத்துக்கு அடங்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது, சூரியப்புள்ளி எண்ணை (சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளின் கணக்கு) 1.44ஆல் பெருக்கி, 180ஐக் கூட்டி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 0.9ஆல் பெருக்கினால் மெகாஹெர்ட்ஸில் மாறுநிலை அதிர்வெண். புள்ளியே இல்லாதபோது 3.3, புள்ளி எண் 150 ஆகும்போது 4.0. வித்தியாசம் அவ்வளவுதான்.

எஃப்2 அப்படியல்ல. சுழற்சியின் அடியில் நண்பகலில் ஏறக்குறைய 6, 7 மெகாஹெர்ட்ஸில் நிற்பது, உச்சத்தில் 12ஐத் தாண்டும். 28 மெகாஹெர்ட்ஸ் பட்டை சில ஆண்டுகள் செத்துக் கிடப்பதும், பிறகு 10 வாட்டில் கண்டம் தாண்டுவதும் இதனால்தான். இப்போதைய 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவும் அறிவித்தன.

இரவானதும் அடுக்குகள் என்ன ஆகின்றன?

டி அடுக்கு சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். இ அடுக்கு மிக மெலிந்துவிடும். எஃப்1 தனியாகத் தெரியாது, எஃப்2உடன் கலந்துவிடும். எஃப்2 மட்டும் விடியும்வரை தாக்குப்பிடிக்கும். அந்த உயரத்தில் காற்று மூலக்கூறுகள் குறைவு என்பதால் பிரிந்த எலக்ட்ரான் மறுபடி சேர நேரம் பிடிக்கிறது.

பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கும் மத்திய அலை ரேடியோவில் இரவு 9 மணிக்கு எங்கெங்கோ உள்ள நிலையங்கள் வந்து மோதுவது டி அடுக்கு விலகிக்கொண்டதன் விளைவு. விடியலுக்குச் சற்று முன்புதான் எஃப்2 மிக மெலிந்திருக்கும்.

சூரியச் சுடர் வெடித்தால் சிற்றலை ஏன் திடீரென அடங்குகிறது?

டி அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புவதில்லை, தின்றுவிடுகிறது. வானொலி அலை எலக்ட்ரானை ஆட்டும். ஆடும் எலக்ட்ரான் வாங்கிய ஆற்றலை அலையாகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் 70 கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தி. எலக்ட்ரான் நொடிக்குப் பல லட்சம் தடவை மூலக்கூறுகளில் முட்டுகிறது. ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. சுடரின்போது எலக்ட்ரான் எண்ணிக்கை பல மடங்கு ஏறுவதால், எஃப்2வரை போய்த் திரும்ப வேண்டிய அலை டி அடுக்கை இரண்டு முறை கடப்பதற்குள் ஒன்றுமில்லாமல் போகிறது.

இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ். 7 மெகாஹெர்ட்ஸில் 40 டெசிபெல் இழப்பு என்றால் 14இல் சுமார் 10, 28இல் 2.5. ஆகவே பட்டைகள் கீழிருந்து மேலாக அடங்கும், மேலிருந்து கீழாகத் திரும்பும். 7 மெகாஹெர்ட்ஸ் திடீரென வெறுமையானால் ஆண்டெனாவைக் கழற்றிப் பார்க்கும் முன் 21க்கோ 28க்கோ போய்க் கேளுங்கள். அங்கே ஆட்கள் இருந்தால் உங்கள் கேபிளில் கோளாறு இல்லை. சுடரின் வலுவை எழுத்தாலும் எண்ணாலும் சொல்வார்கள்: எம் நடுத்தரம், எக்ஸ் மிக வலுவானது, எண் ஏறினால் வலுவும் ஏறும். எம் வகைச் சுடரில் சில பத்து நிமிடம், எக்ஸ் வகையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும்.

எக்ஸ் 8.7 வெடித்தது என்றார்கள், இங்கே ஒன்றுமே ஆகவில்லையே?

அந்தச் சுடர் 2024 மே 14 இரவு 10:21க்கு உச்சம் தொட்டது. நாம் பூமியின் மறுபக்கம் இருட்டில் இருந்தோம். எக்ஸ் கதிர் பூமியைச் சுற்றி வளைந்து வராது. அடி வாங்கியது அமெரிக்கக் கண்டம்.

அதே சூரியப்புள்ளிக் கூட்டம் நான்கு நாள் முன்பு, மே 10 பகல் 12:24க்கு விட்டது எக்ஸ் 3.9தான். ஆனால் அந்த நேரம் சூரியன் நேர் உச்சியில் நின்ற இடம் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் வட்டாரம்! இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அதன் நடு வட்டத்துக்குள் இருந்தது. 25ஆம் சுழற்சியின் பெரிய சுடர்களில் ஒன்றான, 2024 அக்டோபர் 3 அன்று வந்த எக்ஸ் 9.0, மாலை 5:48க்கு உச்சம் தொட்டது. தமிழ்நாட்டில் சூரியன் அடிவானத்தை நெருங்கிவிட்டிருந்ததால், ஆப்பிரிக்காவோடு ஒப்பிட நமக்குக் குறைவு.

சுடரின் எண்ணைவிட நம் கடிகாரமே முதலில் பார்க்க வேண்டியது. காலை 10 முதல் 3 மணிக்குள் வரும் எம்5, நள்ளிரவில் வரும் எக்ஸ் 8ஐவிட நமக்குப் பெரியது.

சுடரும் காந்தப் புயலும் ஒன்றா?

இல்லை. சுடரின் ஒளி 8 நிமிடம் 20 நொடியில் வந்துவிடும். நாம் பார்க்கும்போதே பாதிப்பும் தொடங்கிவிட்டிருக்கும், முன்னெச்சரிக்கைக்கு இடமில்லை. சூரியனிலிருந்து பிய்ந்து வரும் பிளாஸ்மா மேகம் வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது பூமியின் காந்தப் புலத்தைக் குலுக்குவதுதான் காந்தப் புயல். மேகத்துக்குள் இருக்கும் காந்தப் புலம் தெற்கு நோக்கி இருந்தால் புயல் வலுக்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரிய மேகமும் சாதுவாகப் போய்விடும். இந்தத் திசையை, 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் உறுதியாக அளக்க முடிகிறது. 2024 ஜனவரி 6 அன்று அந்த இடத்தைச் சேர்ந்த நம் ஆதித்யா எல்-1 அவற்றில் ஒன்று. அங்கிருந்து பூமிக்கு 15 முதல் 60 நிமிடம்.

மே 10இல் பலர் குழம்பினார்கள். பகல் 12:24க்குச் சுடர், இரவு 10:35க்குப் புயல் தொடங்கியது, ஆகவே இது அதனால் வந்தது என்று. அந்தப் புயலைக் கொண்டுவந்தவை மே 8 முதல் அடுத்தடுத்துக் கிளம்பி, வழியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்ட மேகங்கள். பகல் சுடர் தனிக் கணக்கு.

நம் பகுதி அயனி மண்டலம் எந்த வகையில் வேறு?

காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பா ராக்கெட் தளத்துக்கு அந்தக் கடற்கரைக் கிராமத்தைத் தேர்ந்ததும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியதும் இதனால்தான். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதனால்தான்.

இந்தக் கோட்டின்மேல் பகலில் மூன்று காரியம் நடக்கிறது. முதலாவது, சுமார் 105 கி.மீ. உயரத்தில், கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய 300 கி.மீ. அகலத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடும். நண்பகலில் திருநெல்வேலியில் காந்தமானி காட்டும் ஏற்றத்திலிருந்து மும்பை அருகே அலிபாகில் உள்ள ஏற்றத்தைக் கழித்தால் அதன் வலு தெரியும்.

இரண்டாவது, கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப் புலமும் சேர்ந்து எஃப் அடுக்கின் பிளாஸ்மாவை மேலே தூக்குகின்றன. தூக்கிய பிளாஸ்மா காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து விழுகிறது, கோயில் குளத்து நீரூற்று மாதிரி. ஆகவே எலக்ட்ரான் மிகுந்திருப்பது தமிழ்நாட்டுக்கு மேலே அல்ல. நீரூற்று விழும் அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசையில்.

மூன்றாவது, நண்பகலில் எஃப்2 உச்சத்தில் இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்ல, இங்கே முற்பகலில் ஓர் உச்சம், நண்பகலில் ஒரு பள்ளம், பிற்பகலில் மறுபடி ஓர் உச்சம். எலக்ட்ரான் உற்பத்தி குறைந்ததால் வந்த பள்ளம் அல்ல இது. வெளியே கொண்டுபோய்க் கொட்டியதால் வந்தது.

மார்ச், செப்டம்பர் மாலைகளில் ஜிபிஎஸ் தடுமாறுவது ஏன்? அன்று புயல்கூட இல்லையே?

புயல் தேவையில்லை. சூரியன் மறைந்தவுடன் எஃப் அடுக்கு கடைசியாக ஒரு முறை வேகமாக மேலே ஏறும். அதே நேரம் அதன் அடிப்பாகம் கரைந்துபோகிறது. அடர்ந்த பிளாஸ்மா மேலே, மெலிந்தது கீழே. பாத்திரத்தின் அடியில் எண்ணெயும் மேலே தண்ணீரும் இருந்தால் எண்ணெய் சும்மா இருக்குமா? அப்படித்தான் மெலிந்த பிளாஸ்மா குமிழ் குமிழாகக் கிளம்பி, சில நேரம் 1000 கி.மீ. தாண்டியும் ஏறும். காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்கும் நீளும், கிழக்கு நோக்கி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் நகரும்.

குமிழின் விளிம்புகளில் அடர்த்தி தாறுமாறாக இருப்பதால், அதன் வழியே வரும் செயற்கைக்கோள் அலை மினுமினுக்கும். மாலை 7, 7:30க்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் அதிகம்: நம் தீர்க்கரேகையில் காந்தக் கோடு ஏறக்குறைய நேர் வடக்கு–தெற்காக இருப்பதால், அந்த மாதங்களில் கோட்டின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் இருட்டுகிறது. சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது கூடும்.

காந்தப் புயல் அன்று குமிழ்கள் இன்னும் மோசமாகுமா?

எந்த நேரத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது. புயலின் முதன்மைக் கட்டம் நம் அந்தி நேரத்தில் விழுந்தால், வெளியிலிருந்து ஊடுருவும் மின்புலமும் சேர்ந்து தூக்குவதால் கடுமையாகும். புயல் முன்பே வந்து பல மணி நேரம் கடந்திருந்தால், மின்புலம் எதிர்ப்பக்கம் திரும்பி, அந்தி நேரத்து ஏற்றத்தையே அமுக்கிவிடும். அன்று மாலை வழக்கத்தைவிட அமைதியாக இருக்கும். 'புயல் வருகிறது, அளவை வேலையை நிறுத்து' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சரியல்ல.

இருப்பிடக் கணக்கில் எத்தனை மீட்டர் பிழை?

செயற்கைக்கோளிலிருந்து கருவிவரை, ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணுவது 'டெக்'. ஒரு டெக் அலகு என்றால் நூறு கோடி கோடி எலக்ட்ரான். 100 அலகு இருந்தால் ஜிபிஎஸ்ஸின் எல்1 அதிர்வெண்ணில் 16.2 மீட்டர் தாமதம், எல்5 அதிர்வெண்ணில் 29.1, இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் எஸ் பட்டையில் 6.5. ஒற்றை அதிர்வெண் கருவியில் இருக்கும் மாதிரிக் கணக்கு இதில் பாதியைத்தான் சரிசெய்யும். இரண்டு அதிர்வெண்ணையும் வாங்கும் கருவி வித்தியாசத்தை வைத்துத் தாமதத்தைக் கழித்துவிடும். மினுமினுப்பை அது கழிக்காது. அலையே துண்டானால் கணக்குப் போட எதுவும் இல்லை.

ஆர்டிகே அளவையில் (இரண்டு கருவிகளை வைத்து உடனுக்குடன் செ.மீ. துல்லியத்தில் இடம் காணும் முறை) என்ன செய்யலாம்?

குமிழ் மாதங்களில் வேலையை மாலை 6:30க்குள் முடிப்பதுதான் உண்மையான தீர்வு. முடியாதபோது, நிலைக் கருவிக்கும் நகரும் கருவிக்கும் இடையே தூரத்தை 5 கி.மீ.க்குள் வையுங்கள், இரண்டும் ஒரே அயனி மண்டலத்தைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ்ஸுடன் கலிலியோ, பெய்டூ, குளோனாஸ் என்ற பிற நாட்டுச் செயற்கைக்கோள் தொகுதிகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். குமிழ் வானத்தின் ஒரு பகுதியைத்தான் மறைக்கும், மீதிக் கோள்கள் கைகொடுக்கும். நகரும் கருவி நிலைத்த தீர்விலிருந்து (முழுத் துல்லியம்) மிதக்கும் தீர்வுக்கு (துல்லியம் குறைந்தது) அடிக்கடி விழுந்தால், அந்தப் புள்ளிகளை மறுநாள் காலை மறுபடி எடுங்கள். நிலைத்தது என்று காட்டும்போதே தப்பாகப் பூட்டிக்கொள்வது இன்னும் ஆபத்து: உயரம் திடீரென 20, 30 செ.மீ. தாவினால் திரையை நம்ப வேண்டாம், தெரிந்த புள்ளி ஒன்றில் வைத்துச் சரிபாருங்கள்.

கைபேசி, டிடிஎச், எஃப்எம்?

கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே அயனி மண்டலம் இல்லை. டிடிஎச் அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அயனி மண்டலம் அதைக் கண்டுகொள்வதில்லை. மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் சில நாள் பகலில் சில நிமிடம் படம் போவது, செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்பதால். அது வேறு சங்கதி. கடற்கரை ஊர்களில் இலங்கை எஃப்எம் கேட்பதும் பெரும்பாலும் கடலுக்கு மேலுள்ள கீழ்க்காற்று அடுக்குகளின் வேலை.

சூரிய கிரகணத்தின்போது?

இ அடுக்கும் எஃப்1உம் நிழலோடு உடனே மெலிந்து, நிழல் விலகியதும் மீளும். எஃப்2 தாமதமாகவும் குழப்பமாகவும் எதிர்வினை செய்யும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியே போன வளையக் கிரகணம் காலை நேரத்தில் வந்தது. அப்போது அடுக்குகள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், குறைவைக் கணக்கிட முந்தைய, பிந்தைய நாட்களின் அதே நேரத்தோடு ஒப்பிட வேண்டும்.

டி அடுக்கை வீட்டிலிருந்தே கவனிக்க முடியுமா?

முடியும், செலவும் குறைவு. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் உள்ள கடற்படை நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. இந்த மிகத்தாழ் அலைக்கு டி அடுக்கு தின்னும் வாய் அல்ல, கூரை. பகலில் சுமார் 70 கி.மீ. உயரத்தில் நிற்கும் கூரை, சுடரின்போது இறங்கும், கெட்டியாகும். வரும் அலையின் வலு மாறும்.

1 மீட்டர் சதுர மரச்சட்டத்தில் 0.5 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பியை 50 சுற்றுச் சுற்றுங்கள். 200 மீட்டர் கம்பி ஆகும். சட்டத்தின் விளிம்பு தென்கிழக்கைப் பார்க்க வேண்டும், முகம் அல்ல. 100 மடங்கு பெருக்கும் சத்தம் குறைந்த ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்றை வைத்து, கவசக் கேபிளில் கணினியின் லைன்-இன் துளைக்குக் கொடுங்கள். கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்புச் செய்யுங்கள். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் ஒலி அட்டை 24 கிலோஹெர்ட்ஸ்வரை பார்க்கும், போதும். 19.8ஐச் சுற்றியுள்ள வலுவை 5 நொடிக்கு ஒரு முறை பதிவுசெய்து, கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைய வையுங்கள்.

பொதுவாகக் கெடுப்பவை வீட்டுக்குள்தான்: எல்இடி விளக்கின் மின்வழங்கி, இன்வெர்ட்டர், கைபேசி சார்ஜர். சட்டத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் நம் கடற்படையின் மிகத்தாழ் அலை நிலையமும் உண்டு. தென் மாவட்டங்களில் அதன் தரையலை மிக வலுவாக இருப்பதால் வானலை மாற்றம் அதில் மூழ்கிவிடும், அங்கே எக்ஸ்மவுத்தே நல்லது.

சுடர் என்றால் சில நிமிடத்தில் செங்குத்தாக எழுந்து, அரை மணியோ ஒரு மணியோ மெதுவாகச் சரியும் கோடு. சுறாத் துடுப்பு போல இருக்கும். ஒரே நொடியில் அடிமட்டத்துக்கு விழுந்தால் நிலையம் பராமரிப்புக்கு நின்றிருக்கிறது. ஊசி ஊசியாக இருந்தால் கோடை இடி.

தினமும் எந்த எண்ணைப் பார்ப்பது?

10.7 செ.மீ. ரேடியோப் பாய்வு: அந்த அலைநீளத்தில் சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையின் வலு, கனடாவின் பென்டிக்டனில் அளப்பது. 70க்குப் பக்கம் என்றால் 28 மெகாஹெர்ட்ஸை மறந்துவிடலாம். 150 தாண்டினால் கேட்டுப் பாருங்கள். சுடர்களைக் காட்டும் எக்ஸ் கதிர் வரைபடம்: நம் பகலில் மட்டும் பார்த்தால் போதும். பூமியின் காந்தப் புலம் எவ்வளவு குலுங்குகிறது என்று சொல்லும் கேபி எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் அதைக் கணக்கிடும் 13 காந்த ஆய்வகங்களில் ஒன்றுகூட நம் அட்சரேகைக்கு அருகில் இல்லை. நமக்கு நெருக்கமானது தாழ் அட்சரேகை நிலையங்களை வைத்துக் கணக்கிடும் டிஎஸ்டி என்ற புயல் எண். அது மைனஸ் 100 நானோடெஸ்லாவுக்குக் கீழே இறங்கினால் பெரிய புயல். 2024 மேயில் மைனஸ் 400வரை போனது. அது இறங்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாலை 5க்கும் 8க்கும் நடுவே என்றால் அன்று இரவு ஜிபிஎஸ்ஸை நம்பி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.